நேர்மைக்கு எதிர்ச்சொல் என்ன?

"நேர்மை" என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் பள்ளிக்கூடத்தில் "நேர்மையின்மை" என்று எழுதி ஒரு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் தெருவில் யாரும் யாரையும் "நீ நேர்மையின்மை உடையவன்" என்று திட்டி நான் கேட்டதில்லை. ஃப்ராடு, எத்தன், திருட்டுப்பய, ஃபோர்ட்வென்ட்டி, பித்தலாட்டக்காரன், கோல்மால் பேர்வழி, அயோக்கியன், நம்பிக்கைத் துரோகி என்றுதான் திட்டுகிறார்கள். நேர்மைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சந்தையே இருக்கிறது.

இந்தச் சந்தையைக் கொஞ்ச நாளாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அகராதியிலும் பேப்பரிலும் பேச்சிலும் கிடைத்த சொற்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் புரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் நேர்மை என்றால் என்ன என்பதற்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

கோணல்

முதல் வகை, கோடு சார்ந்தது. நேர் என்றால் வளையாதது. நேர்க்கோடு, நேர்வழி, நேர்மை எல்லாம் ஒரே வேர். அப்படியானால் எதிர்ப்பக்கம் கோணல், கோட்டம், வளைவு. "அவன் புத்தி கோணல்", "குறுக்கு வழியில சம்பாதிச்சது" என்று இன்றும் சொல்கிறோம்.

பழைய தமிழில் இந்த உருவகம் அரசாங்கம் வரைக்கும் போகிறது. நல்ல ஆட்சி செங்கோல், கெட்ட ஆட்சி கொடுங்கோல். திருக்குறளில் 55, 56ஆம் அதிகாரங்கள் இந்த இரண்டுக்கும்தான். இதில் "கொடு" என்பதற்கு அடிப்படைப் பொருள் வளைந்தது என்பதே. "கொடுமை" என்று இன்று நாம் சொல்லும் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அதாவது கொடூரம் என்ற பொருள் பின்னால் வந்தது, வளைவு முன்னால் இருந்தது. சிலப்பதிகாரத்தில் தவறான தீர்ப்புச் சொன்ன பாண்டியன் உயிரை விடும்போது, வளைந்த கோல் அந்த உயிர் போனதால் நிமிர்ந்தது என்றுதான் காப்பியம் சொல்கிறது.

வடமொழிப் பக்கமும் இதே கதைதான். வஞ்சகம் என்ற சொல்லின் வேரான "வஞ்ச்" என்பதற்குக் கோணலாகப் போவது என்று ஒரு பொருள் உண்டு. வக்கிரம் என்ற சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள்.

இந்த வகைச் சொற்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வளைந்ததை நிமிர்த்தலாம். சகாயம் ஐஏஎஸ் தன் அலுவலக அறையில் எழுதி வைத்திருந்த "லஞ்சம் தவிர்த்து நெஞ்சம் நிமிர்த்து" என்ற வாசகம் நம் மனதில் உடனே ஒட்டிக்கொண்டதற்கு, அந்த "நிமிர்த்து" ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரொம்பப் பழைய உருவகம் அது.

மறைவு

இரண்டாவது வகை, "கள்" என்ற வேரைச் சுற்றி இருப்பது. கள்ளம், கள்வன், களவு. இதை எந்தச் சொல்லுக்கு முன்னால் வைத்தாலும் ஒரு குற்றம் பிறந்துவிடும்: கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு, கள்ள ஓட்டு, கள்ளச்சந்தை.

ஆனால் இந்த வேரின் மையத்தில் இருப்பது திருட்டை விட ஒளிவு என்றே தோன்றுகிறது. தொல்காப்பியத்தில் களவியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது திருட்டைப் பற்றியது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்குத் தெரியாமல் நடக்கும் காதலைப் பற்றியது. அதில் குற்றம் எதுவும் இல்லை, மறைவு மட்டும்தான் இருக்கிறது. குழந்தையைக் "கள்ளங்கபடம் இல்லாதது" என்று சொல்லும்போதும் அது திருடாது என்று சொல்லவில்லை. அதற்கு ஒளிக்கத் தெரியாது என்கிறோம்.

இந்த வகைப்படி பார்த்தால் நேர்மை என்பது வெளிச்சம். நாலு பேர் பார்க்கச் செய்ய முடிந்ததுதான் நேர்மையான காரியம். இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. வெளிப்படையாக, கூச்சமே இல்லாமல் செய்கிற அநியாயத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. "இவ்வளவு ஆகும் சார், எல்லாருக்கும் இதே ரேட்டுதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்பவரிடம் கள்ளம் எங்கே இருக்கிறது?

அழுகல்

அதற்குத்தான் மூன்றாவது வகை வேண்டியிருக்கிறது: ஊழல். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், பதனழிதல். பழம் பழுத்து, அதற்கும் மேலே போய்க் கெட்டுப்போவது. பழைய அகராதிகளில் ஊழல் என்பதற்கு அழுகியது, நாற்றம் என்றுதான் பொருள் இருக்கும். பொதுப்பணத்தைச் சுரண்டுவது என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது.

அக்கம்பக்கத்து மொழிகள் இதே விஷயத்துக்கு வேறு வேறு படம் வைத்திருக்கின்றன. மலையாளத்தில் "அழிமதி", அதில் இருப்பது அழிவு. தெலுங்கில் "அவினீதி", அதாவது நீதி இல்லாமை. கன்னடத்திலும் இந்தியிலும் "பிரஷ்டாசாரம்", கீழே விழுந்துவிட்ட ஒழுக்கம். ஒருவர் அழிகிறது என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார், ஒருவர் விழுந்தது என்கிறார். தமிழ் மட்டும் அழுகிவிட்டது என்கிறது.

எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது. அழுகல் உள்ளேயிருந்து வரும். ஒரு பழத்தில் தொடங்கினால் கூடை முழுக்கப் பரவும். முக்கியமாக, கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாமல் போய்விடும்.

ஆங்கிலத்தின் "இன்டெக்ரிட்டி" என்ற சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். லத்தீனில் "இன்டெகர்" என்றால் தொடப்படாதது, முழுசாக இருப்பது. கணக்கில் முழு எண்ணை இன்டெஜர் என்பதும் அதனால்தான். அதற்கு எதிரான "கரப்ஷன்" லத்தீனில் உடைவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. அங்கே முழுமையும் உடைவும் எதிரெதிர். நம்மிடம் முழுமைக்குக் கிட்டத்தட்ட வருவது, உள்ளம், வாய், உடம்பு மூன்றையும் வைத்துத் தமிழாசிரியர்கள் சொல்லித்தரும் உண்மை, வாய்மை, மெய்மை என்ற விளக்கம். மூன்றும் ஒத்திருந்தால் ஆள் முழுசு. ஒத்துப்போகாத நிலைக்கு வள்ளுவர் வைத்த பெயர் "கூடாவொழுக்கம்". வேஷம் ஒன்று, நடப்பு ஒன்று. புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேயும் பசு அந்த அதிகாரத்தில்தான் வருகிறது.

கை

உடம்பிலேயே நேர்மைக்கு ரொம்ப நெருக்கமான உறுப்பு கை. "கை சுத்தமான ஆளு" என்றால் பணத்தில் நம்பலாம். "கை நீளம்" என்றால் பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கைவரிசை, கையூட்டு, கையாடல், கைக்கூலி என்று பட்டியல் நீளும். கைக்கூலி நமக்குக் காசுக்காக அடுத்தவனுக்கு வேலை செய்யும் ஏவலாள். மலையாளத்தில் அதே சொல்லுக்கு லஞ்சம் என்று பொருள்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது "கையாடல்". பொறுப்பில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்வது கையாடல். அந்தப் பணத்தை ஒழுங்காக நிர்வகிப்பது கையாளல். இடையில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நிஜத்திலும் கையாடல் வழக்குகள் பலவற்றில் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். சங்கப் பணம், சீட்டுப் பணம், கோவில் பணம் கையில் இருக்கும். "மாசக் கடைசியில வெச்சுடலாம்" என்று கொஞ்சம் எடுப்பார்கள். அந்த எழுத்து எந்த நாளில் மாறியது என்று எடுத்தவருக்கே தெரியாது.

சம்பளமும் கிம்பளமும்

இப்போது லஞ்சத்துக்கு வருவோம். "லஞ்சம்" தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் சின்னச் சின்ன மாற்றங்களோடு இருக்கும் சொல். இலங்கைத் தமிழில் முறையாக "இலஞ்சம்" என்று எழுதுவார்கள். ஆனால் வாங்குபவரும் கொடுப்பவரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. "கொஞ்சம் கவனிச்சுக்கோங்க", "பார்த்துச் செய்யுங்க", "டீ செலவுக்கு", "ஏதாவது சம்திங்", "கமிஷன்", "அன்பளிப்பு" என்றுதான் போகும். தனித்தமிழில் "கையூட்டு" என்று எழுதினாலும், "ஊட்டு" குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை நினைவுபடுத்தி அதையும் சாதுவாக்கிவிடுகிறது.

இந்தக் கூட்டத்தில் இரண்டு சொற்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை.

ஒன்று கிம்பளம். பணம் கிணம், காப்பி கீப்பி என்று தமிழில் எதிரொலிச் சொல் போடுவோம். இரண்டாவது பாதிக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. "ஒரு கீப்பி குடுங்க" என்று யாரும் கேட்க முடியாது. சம்பளம் கிம்பளமும் அப்படி ஆரம்பித்ததுதான். ஆனால் இந்த எதிரொலி மட்டும் தனியாகக் காலூன்றிவிட்டது. "சம்பளத்த விட கிம்பளம் ஜாஸ்தி" என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அர்த்தமே இல்லாத ஒரு சத்தம், லஞ்சம் என்ற அர்த்தத்தைச் சம்பாதித்துக்கொண்டது. சம்பளத்தின் நிழலாகக் கிம்பளம் வருவதை மொழி அவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று மாமூல். அரபியில் "மஃமூல்" என்றால் வழக்கமாகச் செய்யப்படுவது. "மழை விட்டு மாமூல் வாழ்க்கை திரும்பியது" என்று பேப்பரில் போடும்போது அந்த மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. வழக்கமாகக் கொடுப்பது என்ற வழியில் அது லஞ்சத்துக்கும் பெயரானது. இதே அரபு வேரில் பிறந்த இன்னொரு சொல் "அமல்", அதாவது செயல். சட்டத்தை அமல்படுத்துவது என்கிறோமே, அந்த அமல். ஆக, அமலும் மாமூலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். சட்டம் அமலாக வேண்டிய இடத்தில் மாமூல் வந்து உட்காருவது சொற்பிறப்பின்படி பார்த்தால் குடும்ப விவகாரம்.

வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் வேடிக்கையில்லை. லஞ்சம் என்று சொன்னால் அது குற்றம். மாமூல் என்று சொன்னால் அது வழக்கம். கொடுக்கப்படுவது அதே நோட்டுதான்.

சட்டத்தின் சொற்கள்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் நமக்கு ஒரு வசவையே தந்தது. மோசடி செய்து பொருளைப் பெறுவது 420ஆம் பிரிவு. அந்த எண் அப்படியே ஒரு ஆளுக்குப் பெயராகிவிட்டது. 1955இல் ராஜ் கபூர் தன் படத்துக்கு ஸ்ரீ 420 என்று பெயர் வைத்தார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் இந்தக் குற்றம் இப்போது 318ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. ஆனால் யாரும் யாரையும் "சரியான த்ரீ எய்ட்டீன்" என்று திட்டப்போவதில்லை. சட்டம் செத்தாலும் வசவு வாழும்.

அந்தப் பழைய சட்டத்தின் 24ஆம் பிரிவு நேர்மையின்மைக்கு ஒரு வரையறை வைத்திருந்தது. ஒருவருக்கு முறையற்ற லாபமோ இன்னொருவருக்கு முறையற்ற நஷ்டமோ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்வது, அவ்வளவுதான். பொய் சொன்னாரா, ஒளித்தாரா என்ற கேள்வியே இல்லை. கள்ளம் என்ற சொல்லில் நாம் பார்த்த ஓட்டையை இந்த வரையறை அடைத்துவிடுகிறது. கூச்சமில்லாமல் முகத்துக்கு நேராக வாங்குபவரும் இதில் மாட்டுவார். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கொடுப்பவரையும் குற்றவாளியாக்கினார்கள். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.

பிறப்பை வைத்து ஒரு வசவு

420 ஒரு செயலின் எண். ஆனால் நம் வசவுகளில் சில, செயலிலிருந்து வந்தவை இல்லை. சென்னையில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் "கேப்மாரி" ஒரு சமூகத்தின் பெயர். 1871இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறப்பவர்கள் எல்லாரையும் பிறவித் திருடர்கள் என்று முத்திரை குத்தியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே 1947இல் அதை நீக்கினார்கள். நாடு முழுவதும் 1952இல் போனது. அந்தச் சமூகம் இன்றும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது. சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, வசவு போகவில்லை. ஒருவன் ஏமாற்றினான் என்று சொல்ல இன்னொரு சமூகத்தின் பெயரை எடுப்பதும் ஒரு அநியாயம்தானே? நேர்மையைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதே அந்த வாய் கோணிவிடுகிறது. இந்தச் சொல்லை விட்டுவிடலாம். எத்தன், ஏமாற்றுக்காரன் என்று சொல்ல நமக்குப் பஞ்சமா என்ன?

"நடந்துவிட்டது"

பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்கள் தந்திரமானவை. பேப்பரில் "டெண்டரில் முறைகேடு நடந்துள்ளது" என்று வரும். நடத்தியது யார்? "ஃபைல் காணாமப் போச்சு." தொலைத்தது யார்? "கணக்குல குளறுபடி ஆயிடுச்சு." ஆக்கியது யார்? தமிழில் நடந்தது, நடத்தினார் என்று தன்வினையும் பிறவினையும் ஜோடியாக இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டால் குற்றம் மழை மாதிரி ஆகிவிடும். பெய்தது, அவ்வளவுதான். பெய்வித்தவர் கிடையாது. கொடுப்பவரும் இதையே செய்கிறார். "லஞ்சம் கொடுத்தேன்" என்று சொல்லமாட்டார், "கொடுக்க வேண்டியதாப் போச்சு" என்பார்.

ஏமாறு, ஏமாற்று ஜோடியில் இன்னும் ஒரு படி. "ஏமாளி" என்று ஏமாந்தவனுக்கு ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறோம். "ஏமாற்றம்" என்றால் இன்று மனதில் வருவது ஏமாந்தவனின் வருத்தம். ஏமாற்றியவன் அந்தச் சொல்லிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டான்.

உண்மையான எதிர்ச்சொல்

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்த பிறகு, பேச்சுத் தமிழில் நேர்மைக்கு எதிர்ச்சொல் கோணலும் இல்லை, கள்ளமும் இல்லை, ஊழலும் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அது "சாமர்த்தியம்".

நேர்மையானவரை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். "பிழைக்கத் தெரியாத மனுஷன்." "உலகம் தெரியாதவர்." "அந்த சீட்ல இருந்துட்டு ஒரு வீடு கட்டத் தெரியலையே." மறுபக்கம் "விவரமானவன்", "கெட்டிக்காரன்", "எப்படியோ காரியத்த முடிச்சிட்டான்". முதல் பட்டியலில் எல்லாமே தெரியாமை. இரண்டாவதில் எல்லாமே திறமை. நேர்மை ஒரு குணமாக இல்லாமல், ஒரு குறையாக மாறிவிடுகிறது.

கக்கன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் இருந்தவர், போலீஸ் துறையைக் கையில் வைத்திருந்தவர். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகக் கிடந்தார். எம்.ஜி.ஆர். வந்து பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்லாத மேடை இல்லை. ஆனால் மேடையில் கண் கலங்கச் சொல்லும் அதே கதை வீட்டுக்கு வரும்போது, "அப்படி இருந்து என்ன ஆச்சு பார்த்தியா?" என்று வேறு பாடமாகிவிடுகிறது. குழந்தை இரண்டையும் கேட்கிறது. எதை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்?

குழந்தைகளிடம் இந்தக் குழப்பம் கிடையாது என்பதுதான் ஆச்சரியம். விளையாட்டில் ஒருத்தன் ஏமாற்றினால் "போங்கு!", "அழுகுணி ஆட்டம்!" என்று உடனே கத்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் "அளாப்புறான்" என்பார்கள். ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். போங்கு ஆடுகிறவனை எந்தக் குழந்தையும் சாமர்த்தியசாலி என்று சொல்வதில்லை. அவனோடு யாரும் அடுத்த ஆட்டம் ஆடமாட்டார்கள், அதுதான் தண்டனை.

கிட்டத்தட்ட அதே தண்டனையை உத்திரமேரூரிலும் வைத்திருந்தார்கள். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலைத் தேர்தலில் யார் நிற்கக்கூடாது என்று சொல்கின்றன. பிறர் பொருளை அபகரித்தவன் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவன் திருடினானா என்று அவர்கள் ஆராயவில்லை. கணக்குக் காட்டவில்லை, அதுவே போதும். உறவினரையும் சேர்த்துத் தண்டித்தது இன்றைக்குச் சரியாகாது. ஆனால் நேர்மைக்கு அவர்கள் வைத்த அளவுகோல் தெளிவானது. மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஓலையைப் பார்த்தால் போதும்.

நேர்மைக்கு நம்மிடம் இன்னொரு அழகான சொல் உண்டு: நாணயம். காசுக்கும் அதே பெயர், வாக்குத் தவறாத குணத்துக்கும் அதே பெயர். நல்ல காசைச் சுண்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார்கள். சொற்களையும் அப்படிச் சுண்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மாமூல், கவனிப்பு, அன்பளிப்பு, முறைகேடு நடந்துவிட்டது, பிழைக்கத் தெரியாதவன் என்று ஒன்று வந்து விழும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, இது நல்ல காசா, செல்லாக்காசா என்று கேட்டுக்கொள்ளலாம். மாமூலை லஞ்சம் என்று சொன்னால் லஞ்சம் நின்றுவிடாதுதான். ஆனால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்த ஒரு நொடி கை கொஞ்சம் கூசும். அந்தக் கூச்சம் கூட இல்லாத இடத்தில்தான் பழம் அழுகியிருக்கிறது.